இரண்டில் ஒன்றுதான்

மலைக்கோட்டை அடிவாரத்து என்.எஸ்.பி. சாலையில் தீபாவளிக் கூட்டம் நெரியும்போது கரண்ட் போனாலும், ஜவுளிக்கடைகளில் சற்று நேரத்தில் விளக்கு எரிந்துவிடும். எல்லோரும் ஜெனரேட்டரைப் பாராட்டுவார்கள். என் மரியாதை பக்கத்துச் சுவரில் இருக்கும் பேனலுக்குத்தான்.

அதில் இருக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர், இடையில் ஆஃப். இரண்டையும் ஒருசேரப் போட அதன் கைப்பிடியே விடாது. அந்தத் தடை இல்லையென்றால் கடையின் 415 வோல்ட் தெருவுக்குப் பின்னோக்கிப் பாயும். டிரான்ஸ்பார்மரில் ஏறி 11,000 வோல்ட்டாகும். லைனில் கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பம் ஏறியவரின் உயிர் அதில் போகும். அவர் முகத்தையே பார்த்திராத யாரோ ஒருவர் அவருக்காக யோசித்து வைத்த ஏற்பாடு அது! நான்கு முனை சுவிட்ச் என்றால் நியூட்ரலும் கூடவே மாறும். அதுதான் நல்ல வேலை.

இப்போது மொட்டைமாடிச் சோலாரும் சேர்ந்துவிட்டது. ஈ.பி. நின்றால் ஈ.பி.யோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஆனால் ஜெனரேட்டர் ஓடும்போது அதை ஈ.பி. என்று எடுத்துக்கொண்டு சேர்ந்துவிட்டால், மிஞ்சிய மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே புகும். சுவரில் இருக்கும் பேனலை வடிவமைப்பவர் இதற்கும் வழி செய்தாக வேண்டும்.

வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களே, பிளக் பாயின்டில் வயரைச் செருகி ஓட்டாதீர்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்.