இரைப்பைப் புண் ஆறும் கணக்கு

வலி போய்விட்டது என்பதை வைத்து அல்சர் ஆறிவிட்டதாகச் சொல்ல முடியாது. புண் வாய் திறந்திருக்கும்போதே மாத்திரை வலியை அடக்கிவிடும். எண்டோஸ்கோபியில் பார்த்தால்தான் தெரியும். பார்த்ததை மருத்துவர்கள் ஒரே விதமாகக் குறிக்க, ஜப்பானின் சகிதாவும் மிவாவும் வகுத்த ஆறு படிகள் உதவுகின்றன.

முதல் படியான ஏ1 என்றால் புண்ணின் தரையில் தடித்த வெண்படலம், சுற்றிலும் வீக்கம். ஏ2இல் வீக்கம் வடிந்து விளிம்பு தெளியும். ஹெச்1, ஹெச்2 நிலைகளில் விளிம்பிலிருந்து சிவந்த புதுத்தோல் உள்ளே பரவ, வெண்படலம் மெலிந்து சுருங்கும். எஸ்1 சிவப்புத் தழும்பு, எஸ்2 வெள்ளைத் தழும்பு.

இந்த முறையின் பலம், புண்ணின் அளவை மட்டும் நம்பாததுதான். லென்ஸ் வழியே மில்லிமீட்டரைக் கண்மதிப்பாகச் சொல்வது எப்போதுமே சந்தேகத்துக்குரியது. விளிம்பும் தரையும் அதைவிட நம்பகமான சாட்சிகள். தழும்பையே இரண்டாகப் பிரித்தது இன்னும் கூர்மையான பார்வை. சிவப்புத் தழும்பு முதிராதது, மறுபடி புண்ணாக அதிக வாய்ப்புள்ளது. ‘ஆறியது, ஆறவில்லை’ என்ற இரண்டே சொற்களில் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

ஹெச்2 எங்கே முடிகிறது, எஸ்1 எங்கே தொடங்குகிறது என்பதில் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறலாம். அது சிறு குறை. பெரிய குறை, இது மேற்பரப்பை மட்டுமே படிப்பது. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் உள்ள புண்ணும் ஆறும், தழும்பாகும், பிறகு மீண்டும் திறக்கும். இதை 1971இல் எழுதியவர்களே சகிதாவின் குழுவினர்தான்! எஸ்1 என்ற குறிப்பை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புண்ணின் காரணத்தைப் பற்றியும் இந்தப் படிகள் பேசுவதில்லை. 1982இல் வாரனும் மார்ஷலும் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, வெளுத்த தழும்பைச் சுற்றியும் உயிரோடு இருக்கலாம். இருந்தால் புண் திரும்பி வரும். வலிமாத்திரை விழுங்கும் பழக்கம் தொடர்ந்தாலும் அப்படியே.

ஆகவே குறை அளவுகோலில் இல்லை, அதை முழுத் தீர்ப்பாக்கும் வழக்கத்தில் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் எஸ்1 என்றோ எஸ்2 என்றோ இருந்தால், மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனையின் முடிவு என்ன, கிருமி ஒழிந்ததா என்று பரிசோதித்தாகிவிட்டதா?