19ஆம் பக்கத்து அட்டவணை

எங்கள் வீட்டு ட்ரெட்மில்லோடு வந்த கையேடு 24 பக்கம். அதில் 6 பக்கம் எச்சரிக்கை, 8 பக்கம் பாகங்களைப் பூட்டுகிற முறை, 3 பக்கம் உடற்பயிற்சிப் படங்கள். 19ஆம் பக்கத்தில் மட்டும் ஒரு அட்டவணை: "பிரச்சினை, காரணம், தீர்வு". மொத்தம் 11 வரிகள். கடந்த நாலு மாதத்தில் நான் அதிகம் படித்த இலக்கியம் இதுதான். அதனால் இதற்கு ஒரு விமர்சனம் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் பார்த்த மற்ற நாலைந்து கையேடுகளும் கிட்டத்தட்ட இதே அச்சுதான்.

முதலில் கதைச்சுருக்கம். அம்மாவுக்கு சர்க்கரை. தினமும் அரைமணி நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் தெருவில் நாய், பள்ளம், மழைத்தண்ணி மூணுமே உண்டு. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் 11,000 ரூபாய்க்கு ட்ரெட்மில் வாங்கினேன். அதன் கைப்பிடியில் அப்போதும் இரண்டு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. "ரொம்ப யூஸ் பண்ணலைங்க" என்றார்கள். மூணாவது வாரம் அம்மா சொன்னாள், "நடக்கறப்ப அடியில யாரோ பெல்ட்டப் பிடிச்சு நிறுத்தி நிறுத்தி விடற மாதிரி இருக்குடா."

அட்டவணையைப் பார்த்தேன். ஆறாவது வரி: "பெல்ட் வழுக்குகிறது. காரணம்: பெல்ட் தளர்வு. தீர்வு: பெல்ட்டை இறுக்கவும்."

என்னுடைய மொத்தப் புகாரும் இந்த ஒரு வரி மேல்தான்.

ட்ரெட்மில்லில் "வழுக்குகிறது" என்றால் அது மூணு இடத்தில் நடக்கலாம். மோட்டாரிலிருந்து முன் ரோலருக்குப் போகிற சின்ன வரிப்பள்ள பெல்ட் ஒன்று இருக்கிறது. அது புல்லியில் வழுக்கலாம். அப்போது மோட்டார் சுற்றும், ரோலர் தயங்கும். இரண்டாவது, நாம் நடக்கிற பெரிய பெல்ட் முன் ரோலர் மேலே வழுக்கலாம். அப்போது ரோலர் சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்ட் மட்டும் நிற்கும். மூணாவது, எதுவுமே வழுக்காமல் மோட்டாரே சுமை தாங்காமல் தயங்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், வேகத்தை எண்ணுகிற சென்சார் காந்தத்தை விட்டு விலகியிருக்கலாம், போர்டு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கலாம். காலுக்கு மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும்: தயங்குகிற நொடியில் எது சுற்றுகிறது, எது நின்றது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அட்டவணையின் நாலு வரிகள் தேவையே இல்லை.

அதைவிட மோசம், இரண்டாவது வகைக்குள்ளேயே இரண்டு காரணம் இருக்கிறது. பெல்ட் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். அல்லது பெல்ட்டுக்கும் அடியில் இருக்கிற பலகைக்கும் நடுவே எண்ணெய் வறண்டு, உராய்வு ஏறியிருக்கலாம். கால் வைத்த நொடியில் உடம்பின் எடை பெல்ட்டைப் பலகையோடு அழுத்துகிறது. பலகை அதைப் பிடித்து நிறுத்துகிறது, ரோலர் அடியில் வெறுமனே சுற்றுகிறது. அம்மா சொன்ன "யாரோ பிடிச்சு நிறுத்தற மாதிரி" அட்டவணையில் இருந்ததைவிடத் துல்லியமான விவரிப்பு. பிடித்து நிறுத்தியது பலகைதான்.

நான் இறுக்கினேன். கையேடு சொன்னபடி அலன் கீயால் பின் போல்ட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாக. தயக்கம் போகவில்லை. இன்னும் கால் சுற்று. மொத்தம் இரண்டு முழுச் சுற்று போயிருக்கும். நடுவில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கினால் இரண்டு மூணு அங்குலம் எழும்ப வேண்டும். என்னுடையது உடுக்கைத் தோல் மாதிரி நின்றது. தயக்கம் போய்விட்டது! நாலு நாள் பெருமையாக இருந்தேன். ஐந்தாம் நாள் பத்து நிமிஷ நடையில் திரையில் "இ5" வந்து மெஷின் நின்றது.

இப்போது யோசித்தால் காரண காரியம் பளிச்சென்று தெரிகிறது. முன்பு உராய்வு ஏறும்போது ரோலர் வழுக்கிக்கொடுத்தது. அந்த வழுக்கல்தான் மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அத்தனை இழுவையும் மோட்டார் தலையில், அதற்கு மின்சாரம் கொடுக்கிற போர்டு தலையில்.

அட்டவணையில் ஒன்பதாவது வரி: "இ5: மின்சாரம் அதிகம். காரணம்: கட்டுப்பாட்டு போர்டு கோளாறு. தீர்வு: சேவை மையத்தை அணுகவும்." 11 வரிகளில் 7 வரி இப்படித்தான் முடிகிறது. அணுகினேன். வந்த பையன் மூடியைத் திறந்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சு சார்" என்றான். 7,500 ரூபாய். புதுப் போர்டு ஒன்பது நாள் ஓடியது. அதுவும் புகைந்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவன் கையிலும் இதே அட்டவணைதான் இருந்திருக்கும்.

"மின்சாரம் அதிகம்" என்பது ஒரு விளைவு. போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்து, "என்னால் தாங்க முடியவில்லை" என்று சொன்ன செய்தி அது. செய்தி கொண்டுவந்தவனையே குற்றவாளி ஆக்குகிறது இந்த அட்டவணை.

கடைசியில் போனது எங்கள் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு அண்ணனிடம். மிக்ஸி, பம்புசெட்டு, கிரைண்டர்தான் அவர் தொழில். ட்ரெட்மில்லை முன்னே பின்னே தொட்டதில்லை என்றார். போர்டு ஒன்றைக் கழற்றி ரிச்சி தெருவில் கொடுத்து பாகம் மாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தார். கையில் டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர். மோட்டாருக்குப் போகிற இரண்டு வயரில் ஒன்றை மட்டும் கவ்வினார். (இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் கழிந்து பூஜ்யம்தான் காட்டும்.) ஆள் இல்லாமல் ஓட்டினால் 2.6 ஆம்பியர். அம்மாவை ஏறச் சொன்னார். மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு அடிக்கும் 8 ஆம்பியரைத் தாண்டி முள் மாதிரி எகிறியது. மோட்டார் தகட்டில் எழுதியிருப்பது 6 ஆம்பியர்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்த விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கறுப்புத் தூள். "தம்பி, இது மோட்டார் வியாதி இல்ல, போர்டு வியாதியும் இல்ல. பலகை வியாதி. காய்ஞ்சு கெடக்கு."

அளவு, ஒப்பீடு, விலக்கல் என்ற வரிசையில் மூணே அடியில் போய்ச் சேர்ந்தார். அட்டவணை என்ற வடிவத்தாலேயே இதைச் செய்ய முடியாது. அது ஒரு அறிகுறிக்கு ஒரு காரணம் என்று கோடு போடுகிறது. எதை முதலில் பார்ப்பது, பார்த்தது இப்படி இருந்தால் அடுத்து எங்கே போவது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

சும்மா கணக்குக்காக: 68 கிலோ ஆள் நிற்கும்போது பலகை மேல் விழுகிற விசை சுமார் 670 நியூட்டன். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், மணிக்கு 3.5 கிலோமீட்டரில் பெல்ட்டை இழுக்கவே 130 வாட் வேண்டும். வறண்டு போய் அது 0.4 ஆனால் 260 வாட். வேகம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, சுமை இரட்டிப்பு. இந்த வகை டிசி மோட்டாரில் இழுவிசை கூடினால் கரண்டும் அதே விகிதத்தில் கூடும். இன்னொரு விஷயமும் உண்டு. மோட்டாரைக் குளிர்விக்கிற விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. மெதுவாக ஓடினால் காற்றும் குறைவு. ஆக, வேகமாக ஓடுகிற ஒல்லிப் பையனைவிட மெதுவாக நடக்கிற கனத்த உடம்புதான் இந்த மோட்டாருக்குக் கஷ்டம். வீட்டு ட்ரெட்மில் 1960களின் கடைசியில் வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்தது. 1968இல் வந்த கென்னத் கூப்பரின் ஏரோபிக்ஸ் புத்தகம்தான் தூண்டுதல். மனதில் இருந்தது ஓடுகிறவர்கள். இங்கே அதை வாங்குகிறது பெரும்பாலும் டாக்டர் "நடங்கம்மா" என்று சொன்னவர்கள். கையேட்டில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. மெதுவான நடைக்கு எண்ணெய் இன்னும் முக்கியம் என்று எங்கேயும் இல்லை.

எண்ணெயைப் பற்றி ஒரேயடியாகச் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. 15ஆம் பக்கம், "பராமரிப்பு" தலைப்பில்: "அவ்வப்போது மசகு இடவும்." எது மசகு? எத்தனை நாளைக்கு ஒருமுறை? வறண்டதை எப்படித் தெரிந்துகொள்வது? சிலிகான் ஆயில் என்ற ஒரு சொல் போதும். அது இல்லாததால் அம்மா தையல் மெஷின் எண்ணெயை எடுத்துவந்தாள். பெட்ரோலியம் எண்ணெய் இந்த பெல்ட்டுக்கு ஆகாது என்று நல்லவேளை எங்கேயோ படித்திருந்தேன். 15ஆம் பக்கத்துக்கும் 19ஆம் பக்கத்துக்கும் நடுவே ஒரு அம்புக்குறி இருந்திருந்தால் எனக்கு 7,500 ரூபாய் மிச்சம்.

அட்டைப்படத்தையும் விடக்கூடாது. "4 ஹெச்பி பீக்" என்று கொட்டை எழுத்து. ஒரு ஹெச்பி 746 வாட். நாலு என்றால் 2,984 வாட். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். இந்த மெஷினின் ஃபியூஸ் 10 ஆம்பியர். "பீக்" என்றால் ஒரு கணம் மட்டும்தான், அதற்குள் ஃபியூஸ் போகாது என்று வாதாடலாம். சரி. மோட்டார் தகட்டைப் பாருங்கள்: 180 வோல்ட், 6 ஆம்பியர். பெருக்கினால் 1,080 வாட். இழப்பே இல்லை என்று வைத்தாலும் ஒன்றரை ஹெச்பியைத் தொடாது. பழைய ட்ரெட்மில் வாங்கப் போகிறவர்கள் அட்டையை விட்டுவிட்டு மூடியைத் திறக்கச் சொல்லித் தகட்டைப் படிக்கவும். திறக்க மாட்டேன் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

நியாயமாகவும் இருக்க வேண்டும். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவதைப் பற்றிய வரி நன்றாகவே இருக்கிறது. எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து போல்ட்டைக் கால் சுற்று இறுக்கு, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார், பிறகு அடுத்த கால் சுற்று. படத்தோடு இருக்கிறது. செய்தால் சரியாகிறது. மெஷின் கிளம்பவே இல்லை என்றால் முதலில் பாதுகாப்புச் சாவியைப் பார் என்பதும் சரியான வரிசை. சாவியில் ஒரு காந்தம், அவ்வளவுதான். அது உட்காரவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். இந்த இரண்டு வரியையும் மெஷினைத் தொட்டுப் பார்த்த ஒருத்தர் எழுதியிருக்கிறார்.

"மூடியைத் திறக்காதே" என்பதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது உள்ளே 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் இருக்கும். ஆனால் பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பதற்கு மூடியைத் திறக்க வேண்டாமே. ஆபத்தைக் காட்டி ஆபத்தில்லாததையும் சொல்லாமல் விடுகிறார்கள்.

குறியீடுகள் விஷயம் தனிக் கூத்து. ஒரு கம்பெனியில் இ5 கரண்ட், இன்னொன்றில் வேக சென்சார். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கோளாறு எண்களுக்குப் பொது மொழி கட்டாயம். எந்த மெக்கானிக்கும் படிக்கலாம். இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. வேளாண் கருவி, மொபைல் மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு பிரிவு. நல்ல தொடக்கம். ஆனால் கையேடு கிடைப்பது ஒன்று, கையேட்டில் விஷயம் இருப்பது வேறு.

இந்தக் கையேட்டின் மனதில் இருக்கிற வாசகர் புது மெஷின் வாங்கியவர், வாரண்டி கையில் வைத்திருப்பவர். இரண்டாம் கை வாங்கியவர் அதில் எங்கேயும் இல்லை. எண்ணெய் கடைசியாக எப்போது விட்டார்கள் என்று தெரியாத மெஷினை எப்படிச் சோதிப்பது? பலகை தேய்ந்தால் என்ன செய்வது? எங்கள் பலகைக்கு இரண்டு பக்கமும் வழவழப்புப் பூச்சு இருந்தது. எட்டு திருகைக் கழற்றித் திருப்பிப் போட்டால் புதுப் பலகை. இதைக் கண்டுபிடித்தது காயில் கட்டுகிற அண்ணன்தான். கையேடு மூச்சு விடவில்லை.

திருப்பிப் போட்டோம். புது பெல்ட் 2,800 ரூபாய். சிலிகான் ஆயில் விட்டு, போல்ட்டைத் தளர்த்தி, மறுபடி அளந்தார்: காலியாக 1.1 ஆம்பியர், அம்மா நடக்கும்போது 3.4. அம்மா இப்போது தினமும் 25 நிமிஷம் நடக்கிறாள். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான். இ5 காலத்தில் மெஷின் சட்டென்று நின்ற பயம் இன்னும் போகவில்லை.

நான் இரண்டு சுற்று இறுக்கியதில் பின் ரோலர் பேரிங் அடிபட்டிருக்கிறது போல. வேகம் கூட்டினால் கிரீச்சென்கிறது. அட்டவணையில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. "சத்தம். காரணம்: திருகுகள் தளர்வு. தீர்வு: இறுக்கவும்."