ஊசியைக் கேட்காதவர்கள்

சென்ற மாதம் புதுக்கோட்டையில் நண்பர்கள் கூடியபோது வாசிக்கப்பட்ட கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் புருவத்தில் வளையம் மாட்டிக்கொள்வதும் கழுத்தில் டாட்டூ போட்டுக்கொள்வதும் சுயமிழந்த தலைமுறையின் அடையாளம் என்பது அதன் வாதம். நல்ல நடை. கைதட்டினோம். எனக்குத் தட்டும்போதே கூசியது. அதே வாக்கியங்களை நான் மூன்று வருஷத்துக்கு முன் என் அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

கட்டுரையில் இல்லாத ஒரே விஷயம் உடம்பு. தோல் அதில் எழுதுபலகையாக வருகிறது, ரத்தம் வரவேயில்லை.

கட்டுரையாளர் 'நம் மரபு' என்று எதை எதிரே நிறுத்துகிறார்? என் அப்பத்தாவுக்கு முழங்கைவரை பச்சை இருந்தது. விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, நாலைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, குறத்தி திண்ணையில் உட்கார்ந்து குத்தியது. தெருவுக்கே ஒரு ஊசிக்கட்டு. தண்டட்டிக்காக இழுத்து வளர்த்த காது இந்தப் பக்கத்தில் ஒரு காலத்து அந்தஸ்து. எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவுக் குறிப்புகளில் காது வளர்ப்பதை அங்க விகாரம், சிதைப்பு என்ற தலைப்பில் சேர்த்தார். நம் நண்பர் துரையின் தலைப்பைத்தான் கடன் வாங்கியிருக்கிறார், ஆட்களை மட்டும் மாற்றி.

நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்தி வருபவரைக் கண்டு கைகூப்புகிறோம். கூப்பட்டும், பக்தியை அளக்க நான் வரவில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடை ஒன்றில் நாக்கைப் பிளந்துவிட்டதற்காக இருவர் கைதாகி, கடைக்குச் சீல் வைக்கப்பட்டபோது சரிதான் என்றோம். சரிதான். ஆனால் இரண்டு இடத்திலும் நாம் பார்த்தது நோக்கத்தை. கிருமிக்கு நோக்கம் தெரியாது.

காதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி குத்துவது சோணையில், வெறும் சதை, சீக்கிரம் ஆறும். இப்போது வளையம் மாட்டும் மேல்மடல் குருத்தெலும்பு. ரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதக்கணக்காகும், சீழ் வைத்தால் மடலே சுருங்கிப்போகலாம். இந்த வித்தியாசம் நாகரிக விமர்சனத்தில் ஒரு வரிகூடப் பெறுவதில்லை.

அக்கா மகன் திருவிழாக் கடை ஒன்றில் கையில் பெயர் குத்திக்கொண்டான். நான் கலாசாரம் பேசினேன். உன் கண்ணெதிரே புது ஊசியின் உறையைப் பிரித்தானா, உனக்கென்று தனியாக மை ஊற்றினானா என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. பச்சை குத்தியவர் ஒரு வருஷம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவன் காத்திருந்துதான் முகாமில் கொடுத்தான். பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி.

அந்த ஊசிதான் என்று நிரூபிக்க முடியாது. இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாட்களாவது தாக்குப்பிடிக்கும். உள்ளே போனபின் காமாலையாக வெளிப்பட இரண்டு மூன்று மாதம் ஆகலாம், வெளிப்படாமலே இருந்தும் விடலாம். யார் முடிச்சுப் போடுவது? இதற்கான தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் வந்து சேர்ந்தது 2011-ல். அவன் அதற்கு முன்னால் பிறந்தவன். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

அக்கா நோயை மறைத்தாள், பச்சையைத் திட்டினாள். அவனுக்கு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று ஆறு மாதம் டாக்டரிடமே போகவில்லை. "மாமா அப்பவே சொன்னாரு" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். நான் சொன்னது வேறு என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை; வேறாக எதையும் நான் சொல்லியிருக்கவுமில்லை. இப்போது மூன்று மாதத்துக்கொரு முறை நான்தான் அவனோடு திருச்சிக்குப் போய் வருகிறேன்.

அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றான். பச்சையை அழிக்கவில்லை என்பதை மட்டும் போடச் சொன்னான்.