கந்தலும் சந்தோஷமும்: ஒட்டுத்துணிப் போர்வைகளை வாசித்தல்

1

பழந்துணியை ஒட்டித் தைப்பதில் ஆறுதல் இருக்கிறது, சந்தோஷம் இருக்கிறது என்று தலித் பத்திரிகை ஒன்றில் எழுதினால் தோழர்கள் பலருக்குச் சங்கடமாக இருக்கும். தலித் எழுத்து என்றால் வலி, அவமானம், கோபம், கலகம் என்று ஒரு பட்டியல் நம்மிடம் உருவாகியிருக்கிறது. அது சும்மா வந்த பட்டியல் அல்ல. நம் வலியை இலக்கியமாக ஏற்க மறுத்தவர்களோடு சண்டை போட்டு வாங்கியது. ஆனால் வாங்கிய பிறகு அதுவே ஒரு வேலியாகிவிட்டதோ என்பதுதான் என் சந்தேகம். ஒரு தலித் பெண் தான் அடிபட்டதைச் சொன்னால் அது சாட்சியம். அஞ்சாறு பழம்புடவைகளை வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்து முடித்த அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது என்று அதே பெண் சொன்னால் அது என்ன? கைபேசியில் பதிவு செய்கிறவர் பெரும்பாலும் அந்த இடத்தை வெட்டிவிடுகிறார். 'விஷயத்துக்கு வாங்க' என்கிறார்.

அப்படி வெட்டி எறியப்படும் துண்டுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

துணி நமக்கு ஒருநாளும் வெறும் துணியாக இருந்ததில்லை. மநுவின் பத்தாம் அத்தியாயம் 52ஆம் சுலோகம் சண்டாளர் உடுத்த வேண்டியது பிணத்தின் ஆடை என்கிறது. உண்பது உடைந்த கலத்தில், அணிவது இரும்பு நகை என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மஹாடில் அம்பேத்கரும் தோழர்களும் எரித்தது இந்த நூலைத்தான். ஆனால் எரித்து மூன்று வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. இப்படிப் போகிறது பட்டியல்.

இந்தப் பட்டியலைச் சுரண்டல் என்ற ஒரே சொல்லால் வாசித்துவிட முடியாது. சேரிப் பெண் தலையில் ஒரு முழம் பூ வைத்தால் எந்தப் பண்ணையாருக்கு எத்தனை மூட்டை நெல் குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. ஆனாலும் தடுத்தார்கள். தனக்காகத் தன்னை அழகு செய்துகொள்கிற உடம்பு முழுசாக அடிமையாக இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் சந்தோஷம் அரசியல் இல்லை என்று நம்மில் சிலர் நினைக்கலாம். சாதி ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

இதற்கு எதிர்முனையில் பௌத்தம் நிற்கிறது. சுடுகாட்டிலும் குப்பைமேட்டிலும் கிடக்கும் துணியைப் பொறுக்கி, துவைத்து, ஒட்டித் தைத்துக்கொள்ளும் ஆடைக்குப் பாம்சுகூலம் என்று பெயர். மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்த புத்தர், அதே வடிவில் சீவரம் தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக மகாவக்கம் சொல்கிறது. ஆனந்தர் தைத்தார். ஆக பிக்குவின் சீவரமே ஒட்டுத்துணிதான். மநு தண்டனையாக்கிய கந்தலைச் சங்கம் மரியாதையாக்கியது. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தத்தை நம் பூர்வ மரபாக வாசிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விரும்பித் துறந்தவரின் கந்தலும் வேறு வழியில்லாதவரின் கந்தலும் ஒன்றல்ல. மஹாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கும் புடவைக்கட்டையும் நகைகளையும் விடச் சொன்னார். கந்தையை அவர் புனிதமாக்கவில்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிற பழமொழி கந்தையைக் கேள்வி கேட்காமல் அழுக்கை மட்டும் கேள்வி கேட்கிறது. ஒட்டுப்போட்ட பாவாடையோடு பள்ளிக்கூடம் போன எந்தப் பெண்ணும் அந்த ஒட்டை மறந்திருக்க மாட்டாள். உடம்பில் இருந்தால் அந்த ஒட்டு அவமானம். அதே ஒட்டு போர்வைக்கு வந்ததும் கோலமாகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது யார், எப்படி என்பதுதான் விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி.

3

புதுச்சேரி துணியால் ஆன ஊர். அவுரியில் முக்கிய நீலத்துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் செனகலுக்குப் போனது. 'கினே' என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்கக் கரையில் அதைக் கொடுத்துக் கோந்து வாங்கினார்கள். அடிமை வணிகம் நடந்த காலத்தில் இப்படிப்பட்ட இந்தியத் துணிகளைக் கொடுத்து மனிதர்களையே வாங்கினார்கள். பிறகு ஆலைகள் வந்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலை பிற்பாடு ஏ.எஃப்.டி. ஆகி 2020இல் மூடப்பட்டது. இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. ஊருக்கெல்லாம் துணி நெய்தவர்கள் வீட்டில் துணி என்னவாக இருந்தது என்பதை யாரும் எழுதவில்லை.

எங்கள் தெரு புல்வாருக்கு வெளியே இருக்கிறது. அப்பா ஓர் ஆலையில் பதிலி. கூப்பிட்ட நாளுக்குத்தான் கூலி. வீட்டில் மெத்தை கிடையாது. போர்வைதான் மெத்தை. நாலு நூல்புடவைகளை அடுக்கி, நடுவில் அப்பாவின் கிழிந்த வேட்டியை வைத்து, மேலே தையல்கடை வெட்டுத்துண்டுகளை ஒட்டி, பெரிய ஊசியால் நெருக்கமாக நூலோட்டம் போடுவார்கள். சில துண்டுகள் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலிருந்து வரும். இதற்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது. 'பழம்பொடவ போர்வ', அவ்வளவுதான்.

2020 ஊரடங்கில் எங்கள் தெருப்பெண்கள் பலருக்கு வேலை போனது. வெள்ளை நகரத்து விருந்தினர் இல்லங்களில் படுக்கை விரித்து, துவைத்து, பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அடுத்தவர்கள் தூங்குவதற்குப் படுக்கை விரித்தே பழகிய கைகள். அந்த மாதங்களில் அவரவர் வாசப்படியில் உட்கார்ந்து பழந்துணி மூட்டைகளைப் பிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார்: 'ஊசிய கையில எடுத்தா மனசு ஒரு எடத்துல நிக்குது. இல்லன்னா குழுக் கடன் கட்டணுமேங்கிற நெனப்புதான் சுத்திச் சுத்தி வருது.' இன்னொரு நாள் ஒரு மஞ்சள் துண்டைக் காட்டினார். 'இது யாருதுன்னு தெரியுதா? ஒங்க அத்த கல்யாணப் பொடவ. அவ போயிட்டா. பொடவயப் பாரு, சிரிச்சிக்கினு கெடக்குது.'

எதிர்வீட்டுச் சின்னம்மாவுக்கும் இவருக்கும் ஒரு சண்டை வந்தது. 'செவப்பு பக்கத்துலயே செவப்ப வெக்காதடி, கண்ணக் குத்தும்' என்கிறார் இவர். 'குத்தட்டும், அதுக்குத்தான் வெக்கிறன்' என்கிறார் அவர். அரைநாள் நடந்தது இந்த விவாதம். இது அழகியல் விவாதம் இல்லையென்றால் வேறு எதை அழகியல் விவாதம் என்பது? எம்.ஏ. தமிழ் வகுப்பில் அணியிலக்கணம் படித்திருக்கிறேன். ஒரு முரணை எதற்காக வைக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போர்வை கடனை அடைக்கவில்லை. அரிசியும் கொண்டுவரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. கூலியில்லாத பெண்ணுழைப்பைக் கொண்டாடுகிறாய் என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாத்திரம் தேய்ப்பதும் கூலியில்லாத உழைப்பு, அதைப் பற்றி எந்தப் பெண்ணும் இப்படிப் பேசுவதில்லை. போர்வையில் எங்கே தொடங்குவது, எந்த நிறம், எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது அவள். மேஸ்திரி இல்லை, வீட்டம்மா இல்லை, புருஷனுக்கும் அதில் வேலை இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் சொல்படி நகர்ந்த கை, தன் சொல்படி நகர்கிற நேரம் அது. அவர்கள் சொல்லும் ஆறுதலின் உள்ளே இருப்பது இதுதான்.

4

இந்த இடத்தில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் ஒரு சிறுகதையை வாசிப்பது பயன்படும். 1973இல் வெளிவந்த அதன் தலைப்பை 'அன்றாடப் பயன்பாடு' என்று தமிழில் சொல்லலாம். கிராமத்தில் ஒரு தாய். இரண்டு மகள்கள். மூத்தவள் டீ படித்து நகரத்துக்குப் போனவள். இளையவள் மேகி தீயில் வெந்த தழும்புகளோடு வீட்டிலேயே ஒடுங்கியிருப்பவள். திரும்பி வரும் டீ, ஒடுக்கியவர்கள் வைத்த பெயர் வேண்டாம் என்று வாங்கெரோ என ஆப்பிரிக்கப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டி தைத்த போர்வைகளைக் கேட்கிறாள். அவற்றில் பாட்டியின் உடுப்புகளும் தாத்தாவின் சட்டைகளும் உள்நாட்டுப்போர்க் காலச் சீருடையின் ஒரு சின்னத் துண்டும் இருக்கின்றன. டீக்கு அவற்றைச் சுவரில் மாட்ட வேண்டும். மேகியிடம் கொடுத்தால் அன்றாடம் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்கிறாள். தாய் போர்வைகளைப் பிடுங்கி மேகியிடம் கொடுத்துவிடுகிறார்.

டீ வேரை மறந்த படிப்பாளி, மேகி உண்மையான வாரிசு என்பது இக்கதைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வாசிப்பு. ஒரு தலித் வாசகருக்கு இது போதாது. இழிவாக வைக்கப்பட்ட பெயரைத் தூக்கியெறிந்து புதுப்பெயர் சூடுவது நம் இயக்கத்தில் கேலிக்குரிய விஷயமல்ல. எத்தனையோ பேர் அப்படித்தான் தங்களைத் தாங்களே புதிதாகத் தைத்துக்கொண்டார்கள். டீ நம் ஆள். அவளைச் சிரித்து ஒதுக்கும் வாசிப்பு, படித்த தலித்தைச் சிரித்து ஒதுக்கும் பொதுப்புத்திக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

டீயின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. அவள் போர்வையைப் பார்க்கிறாள், தைக்கிற கையைப் பார்க்கவில்லை. போர்வை கிழிந்தால் மேகி இன்னொன்று தைத்துவிடுவாள். அந்த வித்தை அவள் கையில் இருக்கிறது. டீயிடம் இல்லை. மரபு என்று டீ நினைப்பது முடிந்துபோன ஒரு பொருளை. மேகிக்கு அது நாளைக்கும் செய்யக்கூடிய ஒரு காரியம். நம் பதிவுகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. பாட்டியின் வலியைச் சட்டம்போட்டு மாட்டுகிறோம். பாட்டிக்குத் தெரிந்த வித்தையைக் கேட்டு வாங்குவதில்லை.

5

கதையில் நடந்தது பெரிய அளவில் வாழ்க்கையிலும் நடந்தது. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் ஒரு பகுதி ஜீஸ் பெண்ட். அங்கிருப்பவர்கள் பருத்தித் தோட்ட அடிமைகளின் சந்ததிகள். பலருக்குக் குடும்பப் பெயரே பழைய முதலாளியின் பெயரான பெட்வே. 1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும் அவன் மனைவி சுமார் 60 குடும்பங்களின் மாடு, கருவி, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாள். அந்தக் குளிரில் பழந்துணிப் போர்வைகள்தான் உயிர் காத்தன. 1942இல் மிசோரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்காக. பெரியம்மாவின் மஞ்சள் துண்டும் இதுவும் ஒரே மொழிதான்.

1962இல் ஆற்றின் படகுப் போக்குவரத்தை வெள்ளை நிர்வாகம் நிறுத்தியது. கறுப்பர்கள் அக்கரைக்குப் போய் வாக்காளர்களாகப் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக. படகு திரும்ப வர 2006 ஆயிற்று. இதற்கு நடுவில், 1966இல், அப்பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். ஓட்டுரிமைப் போராட்டமும் போர்வைத் தையலும் ஒரே கைகளில் நடந்தன. ஒன்றுக்காக இன்னொன்றை அவர்கள் விடவில்லை.

2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் சுவரேறின. விமர்சகர்கள் மத்தீஸ், கிளே என்று ஐரோப்பிய ஓவியர்களோடு ஒப்பிட்டார்கள். புகழ்ச்சிதான். ஆனால் அளவுகோல் யாருடையது? 2007இல் அப்பெண்களில் மூவர், தங்கள் போர்வைகளாலும் வடிவங்களாலும் வந்த வருமானத்தில் உரிய பங்கு தரப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சுவரில் மாட்டுவது என்ற டீயின் ஆசைக்குப் பின்னால் ஒரு சந்தையும் வரும் என்பதை இது காட்டுகிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் வாழும் சித்திகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு. மூன்று தரப்புப் பெண்களும் 'கவந்தி' என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் முறை. நாலு மூலையிலும் மடித்த துணியால் 'பூலா', அதாவது பூ, வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பூ குளிரைத் தடுக்காது, போர்வைக்கு எந்த உபயோகமும் அதனால் இல்லை. இருந்தும் அது இல்லாமல் வேலை முடியாது. 1930இல் பூவைத் தடுத்தவர்களுக்கு எதிராக இதைவிடச் சுருக்கமான பதிலை நான் பார்த்ததில்லை.

6

இப்போது வெள்ளை நகரத்துக் கடைகளில் ஒட்டுத்துணிப் பைகளும் விரிப்புகளும் நல்ல விலைக்குப் போகின்றன. எங்கள் தெருப் போர்வைகளும் ஒருநாள் அங்கே ஏறலாம். ஏறினால் தைத்தவர் பெயரும் விலையில் அவர் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இது முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை நமக்கு, அதாவது எழுதுகிறவர்களுக்கும் பதிவு செய்கிற மாணவர்களுக்கும். தலித் அழகியலைக் கோபத்தின் அழகியல் என்று மட்டும் வரையறுப்பதை விட வேண்டும். கோபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒடுக்குதலை எதிர்க்கும்போது மட்டும்தான் நாம் மனிதர்களாகத் தெரிகிறோம் என்றால், அந்தச் சித்திரத்தின் மையத்தில் இன்னும் ஒடுக்குகிறவன்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நம் பெண்கள் நிறத்தைப் பற்றிச் சண்டை போட்ட நேரமும் நம் வரலாறுதான்.

அதனால் அடுத்த முறை பதிவுக்கு உட்காரும்போது, பட்ட அடிகளைக் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள் தோழர்களே: இந்தத் துண்டு யாருடையது? இந்த நிறத்தை ஏன் இதன் பக்கத்தில் வைத்தீர்கள்? தைத்து முடித்த அன்றைக்கு எப்படி இருந்தது? பதில் வரும்போது பதிவை நிறுத்தாதீர்கள்.