மாவுக்கட்டும் மைக்கும்

மலையாளச் செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'தெளிவெடுப்பு'. கைதானவரை போலீஸ் சம்பவ இடத்துக்குக் கூட்டி வந்து, எங்கே வைத்து என்ன செய்தாய் என்று காட்டச் சொல்வது. தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கு இவ்வளவு கச்சிதமான ஒற்றைச் சொல் கிடையாது. புதுக்கடைக்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. எங்க ஊர்ல சீரியல் தமிழில் ஓடும், நியூஸ் மலையாளத்தில் ஓடும்.

2022 நவம்பரில் எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் ஓடியது ஒரு தெளிவெடுப்புதான். காதலனுக்குக் கஷாயத்தில் விஷம் கலந்து கொடுத்த வழக்கு. ராமவர்மன்சிறை எங்க ஊர்ல இருந்து பைக்கில் போகிற தூரம். அந்த வீட்டைப் பார்ப்பதற்கென்றே போய்ட்டு வந்தவர்கள் உண்டு. பெண் கைதானாள், அவளுடைய அம்மாவும் தாய்மாமனும் கைதானார்கள். மூன்று பேரையும் கேமராக்கள் ஒரே மாதிரிதான் துரத்தின. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட் தீர்ப்பு சொன்னது: பெண்ணுக்கு மரண தண்டனை, மாமனுக்கு மூன்று வருடம், அம்மா விடுதலை. மரண தண்டனை சரியா தப்பா என்று டீக்கடையில் நாள்கணக்கில் பேசினார்கள். அம்மா விடுதலையானதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை. எங்கள் தலைக்குள் அவருக்கு 2022-லேயே தீர்ப்பாகிவிட்டது.

விசாரணைக்கு முன்னால் காவலில் இருக்கும் ஒருவரிடம் பத்திரிகையாளர் பேட்டி எடுக்கலாமா என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் தொடங்க முடியும். நான் செய்தியாளன் இல்லை, வக்கீலும் இல்லை. இந்த மாதிரி எழுத்துகளை விடாமல் வாசிக்கிற ஒருவன், அவ்வளவுதான்.

சட்டம் சொல்வதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1981-ல் பில்லா, ரங்கா இருவரையும் பேட்டி காண அனுமதி கேட்டு இந்துஸ்தான் டைம்ஸ் நிருபர் பிரபா தத் உச்ச நீதிமன்றம் போனார். பத்திரிகைக்குத் தனி உரிமை எதுவும் இல்லை, கைதி சம்மதித்தால் பார்க்கலாம், மறுப்பதென்றால் தகுந்த காரணம் வேண்டும் என்றது நீதிமன்றம். அவர்கள் தண்டனை உறுதியானவர்கள். விசாரணைக் கைதியைப் பற்றிய கேள்வி 1999-ல் சாருலதா ஜோஷி வழக்கில் வந்தது. அங்கும் அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் கறாராக. கைதியின் சம்மதம் என்பதுதான் இரண்டுக்கும் அச்சாணி. எனக்குச் சந்தேகம் அந்த அச்சாணி மேல்தான்.

தமிழில் இதைப் பேச ஆட்டோ சங்கரை விட்டால் வேறு இடம் இல்லை. 1994 அக்டோபர் 7-ல் வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பை இதழியல் மாணவர்கள் பரீட்சைக்குப் படிப்பார்கள். அந்தரங்க உரிமைக்கு அடித்தளம் போட்ட தீர்ப்பு, நக்கீரன் ஜெயித்த தீர்ப்பு. நான் அதைக் கதைபோல வாசிக்கச் சொல்வேன். கதாநாயகன் ஒருமுறைகூட மேடைக்கு வராத நாடகம் அது.

சுருக்கம் இதுதான். ஆறு கொலைகளுக்காக 1991 மே மாதம் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் சங்கருக்கு மரண தண்டனை கொடுத்தது. அந்த வருடம் செங்கல்பட்டு சப்-ஜெயிலில் இருந்தபடி அவர் தன் வரலாற்றை 300 பக்கம் எழுதினார், ஜெயில் அதிகாரிகளுக்குத் தெரிந்தே மனைவியிடம் கொடுத்தார், அது வக்கீல் மூலம் நக்கீரனுக்கு வந்தது என்பது பத்திரிகையின் தரப்பு. அதில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருடன் அவருக்கிருந்த நெருக்கம் வருகிறது. 1994 ஜூனில் தொடர் ஆரம்பித்தது. சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் போட்டார்: இது அவர் எழுதியதே இல்லை, சிறை விதிக்கு விரோதம், நிறுத்துங்கள். மூன்று இதழ்களோடு தொடர் நின்றது. சங்கரை அடித்துத் துன்புறுத்தித்தான் 'என் கதையைப் போட வேண்டாம்' என்று கடிதம் எழுத வைத்தார்கள் என்று மனுவில் நக்கீரன் குற்றம்சாட்டியது.

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் எழுதினேன் என்று சொல்லும் 300 பக்கம். இன்னொரு பக்கம் போடாதே என்று சொல்லும் கடிதங்கள். இரண்டிலும் ஒரே ஆளின் பெயர். அரசு ஒன்றைப் பொய் என்கிறது, பத்திரிகை மற்றதைப் பொய் என்கிறது. ரெண்டுமே பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த காகிதங்கள். எது அவருடைய விருப்பம் என்று கேட்க வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும். நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பில் அதை நேர்மையாகவே பதிவு செய்கிறார்: சங்கரோ அவர் மனைவியோ இந்த வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை, அவர்கள் சொல்வது எங்கள் முன் இல்லை, ஆகவே அவர் எழுதினாரா, வெளியிட அனுமதித்தாரா என்று நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. அவர் அனுமதிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறார். பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு அனுமதி இல்லாமலே போடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்கத்தில் தலையிடுவது ஆகும், அதற்கு அவர்களே பொறுப்பு. எதுவானாலும் அரசும் அதிகாரிகளும் முன்கூட்டித் தடைபோட முடியாது.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அது பெரிய வெற்றி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த அதிகாரிகள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஜெயில் விதியைத் தூக்கிப் பிடித்தார்கள் என்று சந்தேகப்படவும் எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்த 300 பக்கம் எழுதப்பட்டபோது உயர் நீதிமன்றம் இன்னும் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொல்லவில்லை. தொடராக வந்தபோது உச்ச நீதிமன்றம் கைவிட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, கருணை மனு பாக்கி. இந்த நேரத்தில் இதைப் போடுவது அவர் உயிருக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் எங்கேயும் இல்லை. தீர்ப்பு வந்து ஆறரை மாதத்தில், 1995 ஏப்ரல் 27-ல், சேலம் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் வாழ்க்கை யாருக்குச் சொந்தம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்மானித்த வழக்கில் அவர் பார்வையாளராகக்கூட இல்லை.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் உடனே ஜானட் மால்கமைக் கொண்டு வருவார்கள். 'தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்' 1990-ல் புத்தகமாக வந்தது; நம்மூர் இலக்கிய வட்டத்தில் அதன் முதல் வரியை மட்டும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறைய. டாக்டர் மெக்டொனால்டு 1979-ல், விசாரணை தொடங்கும் முன்பே, ஜோ மெக்கின்னிஸ் என்ற எழுத்தாளரைத் தன் வக்கீல் குழுவோடு தங்க வைக்கிறார். ஒப்பந்தம், வருமானத்தில் பங்கு, எல்லாம் உண்டு. தண்டனை ஆன பிறகும் மெக்கின்னிஸ் நண்பன் மாதிரியே ஜெயிலுக்குக் கடிதம் எழுதுகிறார். 1983-ல் புத்தகம் வருகிறது: மெக்டொனால்டு கொலைகாரன். மால்கம் இதைத் துரோகத்தின் கதையாக எழுதுகிறார், அபாரமாக எழுதுகிறார். எனக்கு அதில் ஒரு குறை. அவருடைய துரோகத்தில் இரண்டு பேரும் கிட்டத்தட்டச் சமமானவர்கள். ஏமாந்தவர் பிறகு கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட்டு 3,25,000 டாலர் சமரசத் தொகை வாங்குகிறார். பாளையங்கோட்டை ஜெயிலில் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் கிடக்கிறவனுக்கு இந்தத் தத்துவம் பொருந்தாது. அவனை ஏமாற்ற நட்பு தேவையில்லை. பேட்டிக்கு முன்னால் ஒரு பீடிக்கட்டு போதும், அல்லது அறைக்கு வெளியே நிற்கிற ஒரு ஏட்டையா போதும்.

சாட்சியச் சட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பழைய 25, 26-ஆம் பிரிவுகள், இப்போதைய புதுச் சட்டத்தில் 23. போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று சட்டம் எழுதியவனுக்கே தெரிந்திருந்தது. பத்திரிகையாளர் போலீஸ் இல்லையே. நீதிமன்றக் காவலில் இருப்பவன் அவரிடம் மனம்விட்டு ஏதாவது சொன்னால் அது நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல். பலவீனமான சாட்சியம் என்றாலும் சாட்சியம்தான். சட்டம் போலீசுக்கு மூடிய வாசலை மைக் திறந்துவிடும்.

இது வெறும் பயம் இல்லை. 2001 டிசம்பரில், நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து ஒரு வாரத்துக்குள், டெல்லி போலீஸ் அப்சலைக் கேமராக்கள் முன் உட்கார வைத்தது. அவர் பேச்சோடு பேச்சாக, கிலானிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பகுதியைப் போடாதீர்கள் என்று போலீஸ் அதிகாரி கேட்டுக்கொண்டதாகப் பின்னால் ஒரு செய்தியாளரே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பேராசிரியர் கிலானி கீழ்க்கோர்ட்டில் மரண தண்டனை வாங்கி, 2003-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். 2022-ல் கர்நாடக வழக்கு ஒன்றில், கைதிகள் போலீசிடம் பேசியதைப் பதிவு செய்த டி.வி.டி. ஒன்று உதயா டிவியில் 'புட்ட முட்ட' என்ற நிகழ்ச்சியாகவே ஓடியிருந்தது. உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இவற்றில் 'பேட்டி' என்று சொல்லத்தக்கது எது? போலீஸ் எழுதிய வசனத்துக்குச் சேனல் கேமரா பிடித்தது.

தமிழ்நாட்டில் நாம் இன்னும் முன்னேறிவிட்டோம். இங்கே பேசக்கூட வேண்டாம். கையில் மாவுக்கட்டோடு ஒருவன் நிற்கும் போட்டோ போதும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அந்த போட்டோவை யார் எடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. நாம் மீம் போட்டுச் சிரிக்கிறோம். நல்ல இலக்கியம் வாசிக்கிற, ஃபூக்கோ பேசுகிற நண்பர்கள் ஃபார்வர்டு பண்ணிய மாவுக்கட்டு மீம்கள் என் போனில் இருக்கின்றன.

அப்போ ஜெயில் கதவைப் பத்திரிகைக்கு மூடிவிடலாமா? எங்க ஊர்க்காரன் அப்படிச் சொல்ல முடியாது. 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்கள் மேல் பட்டம் தாணுபிள்ளையின் போலீஸ் சுட்டது. ஆட்சியில் இருந்தது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அதன் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. பதவி விலகு என்று சொந்தக் கட்சி முதல்வரிடம் கேட்டவர் அவர்தான். கேட்டபோது அவர் இருந்த இடம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறை. வாய்க்கால் வரி உயர்வை எதிர்த்துப் பேசியதற்காகக் கைதாகி, விசாரணைக்குக் காத்திருந்தவர். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு விசாரணைக் கைதியின் குரலைத்தான் எங்க ஊர் நன்றியோடு ஞாபகம் வைத்திருக்கிறது. அந்தக் குரல் வெளியே வராமல் தடுத்திருந்தால் நல்லது என்று நான் எந்த அறத்தை வைத்துச் சொல்வேன்?

'இண்டியாஸ் டாட்டர்' சர்ச்சைக்குப் பிறகு 2015 ஜூலையில் உள்துறை அமைச்சகம் அனுப்பிய அறிவுரை மூடத்தான் பார்க்கிறது. ஆவணப்படத்துக்கும் கட்டுரைக்கும் பேட்டிக்கும் பொதுவாக யாரையும் உள்ளே விடாதே. விட்டால் ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் வாங்கு. பெரிய சேனலுக்கு ஒரு லட்சம் பெரிய விஷயமில்லை. மார்த்தாண்டத்திலிருந்து தனியாக எழுதும் ஒரு பெண் நிருபருக்கு அது ஜெயில் மதிலைவிட உயரம்.

எனக்கு வழி காட்டுவது ஷீலா பார்சே. 1982 மே மாதம் பம்பாயில் அனுமதி வாங்கிக்கொண்டு 15 பெண் கைதிகளிடம் பேசினார். ஐந்து பேர் போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்ததைச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, பெண்களுக்குத் தனி லாக்கப், இலவசச் சட்ட உதவி என்று 1983-ல் உத்தரவு வந்தது. அவரும் விசாரணைக்கு முன்னால் இருப்பவர்களிடம்தான் பேசினார். ஆனால் நீ அதைச் செய்தாயா என்பது அவருடைய கேள்வி இல்லை. உன்னை என்ன செய்தார்கள் என்பதுதான். முதல் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் கைதிக்கு நஷ்டம். ஒப்புக்கொண்டால் சாட்சியம், மறுத்தால் திமிர். இரண்டாவது கேள்வியில் தன் வழக்கை விட்டுக்கொடுக்காமல் பேச இடம் இருக்கிறது. தான் நிரபராதி என்று சத்தம் போட விரும்புகிறவன் போடட்டும், வக்கீல் பக்கத்தில் இருக்க, பேசியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமையோடு. அச்சேறும் வரை எந்த நேரத்திலும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இப்படி வைத்தால் பாதிப் பேட்டிகள் வராது என்பார்கள். வராமல் போகட்டும்.

தமிழில் இரண்டு ஆட்டோக்காரர்களின் சிறைப் புத்தகங்கள் இருக்கின்றன, யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. சங்கருடையது ஒன்று. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' இன்னொன்று. வெற்றிமாறனின் 'விசாரணை'க்கு மூலம். 1983-ல் குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்களைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று அடித்த கதை. வெளியே வந்து, கோவையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, ஆற அமர அவரே எழுதினார். எதைச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவரே முடிவு செய்த புத்தகம் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். சங்கரின் பக்கங்களை வாசிக்கும்போது நான் ஓயாமல் இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டிருப்பேன்: இந்த வரியில் எழுதுவது கைதியா, எடிட்டரா, ஏட்டையாவா? குண்டூரில் அந்தப் பையன்களை அடித்துக்கொண்டிருந்த நாட்களில் உள்ளூர் நிருபர் ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தால் யாரிடம் பேசியிருப்பார், யார் சொன்னதை எழுதியிருப்பார்? நமக்குத் தெரியும், இல்லையா. மறுநாள் பேப்பரில் திருட்டுக் கும்பல் பிடிபட்டிருக்கும்.