முதுகுக்கு ஒரு பாய்

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியதும் கழுத்து முன்னே வளையும். பாரத்துக்கு இடுப்பு ஈடுகொடுக்கும். பசறை, தெமோதரைப் பக்கத் தேயிலை மலைகளில் ஏறி இறங்கும் அம்மாமாரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி பணக்காரருக்கு மட்டுமானதாகத் தோன்றவில்லை. 1883இல் ஜேர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியத் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் வளர்த்தெடுத்த முறை அது. ஒரு பாய் போதும்.

அதில் ‘நூறு’ என்றொரு பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் சற்றே தூக்கி, கால்களை உயர்த்தி, நீட்டிய கைகளை மேலும் கீழும் சிறிதாக அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுத்து, ஐந்துக்கு விட்டு, பத்துச் சுற்று. அடிவயிறு நடுங்கும். எண்ணிக்கை தப்பாதிருக்க மனம் அங்கேயே நின்றாக வேண்டும். கடன் கணக்கும் பிள்ளையின் பரீட்சையும் அந்நேரம் உள்ளே வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய லாபம்.

விடாமல் செய்தால் முதுகைத் தாங்கும் தசைகள் வலுக்கும். நாள்பட்ட இடுப்புவலி தணிவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. கழுத்து வலித்தால் தலையைத் தரையிலேயே வைத்துக்கொள்ளலாம். லயத்து அக்காமாரே, கூடையை இறக்கிய பிறகு பத்து நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்.