பலசாலி வெளியே, நோஞ்சான் உள்ளே

பழைய பட்ஜெட் லேப்டாப்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு இன்டெல் பிராசஸர்கள்: 2015-ல் வந்த கோர் ஐ3-5005யூ, 2017 கடைசியில் வந்த செலரான் என்4000. இரண்டிலும் 2 கோர்தான். ஆனால் ஐ3-ல் ஹைப்பர் த்ரெடிங் உண்டு, அதனால் 4 த்ரெட். செலரானில் 2 மட்டும்.

ஐ3-க்கு டர்போ கிடையாது, உச்சவேகமே 2 கிகாஹெர்ட்ஸ். செலரானின் அடிப்படை வேகம் 1.1, தேவைப்பட்டால் 2.6 வரை ஏறும். அதனால் ஒரே ஒரு வேலை என்றால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். பத்து டேப் திறந்திருக்க, பின்னால் அப்டேட்டும் ஓடினால் செலரானுக்கு மூச்சு வாங்கும். ஐ3 சமாளிக்கும். ராமும் ஐ3-ல் 16 ஜிபி வரை போகலாம். செலரானுக்கு இன்டெல் சொல்லும் வரம்பு 8.

செலரான் பக்கமும் நியாயம் இருக்கு. ஐ3-க்கு 15 வாட், இதுக்கு 6 வாட்தான். ஃபேன் இல்லாமலே ஓடும்.

ஆனா கூத்தைப் பாருங்க. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில் செலரான் என்4000 இருக்கு, ஐ3-5005யூ இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணங்களில் முக்கியமானது பாதுகாப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் வேகத்தை அளக்கும் தராசு இல்லை. வாங்குறவங்க அதைத் தர முத்திரையா நினைச்சுக்கறாங்க, அதுதான் சிக்கல்.

வீட்டில் அந்த ஐ3 கிடந்தால் தூக்கிப் போடாதீங்க. ஒரு எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட் போதும். இன்னும் சில வருஷம் உழைக்கும்.